இரண்டு வசனங்களுக்கு நடுவில்

ஐரீன் இன்றைக்குச் சாகப் போகிறாள் என்பது சுகந்திக்கு மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது. பூவராகன் சார் வாசல்வரை வந்து, "வெந்நீர் எடுத்துட்டு வந்தியாம்மா, தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் அந்த மனுஷர் அவளுடைய தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தவரில்லை. டப்பிங் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவருக்கு உதடுதான் கண்ணில் படும், தொண்டை படாது. அவர் கேட்கிறார் என்றால் இன்றைக்குக் கத்தல் அதிகம், கத்தலுக்குப் பிறகு ஒன்றுமில்லை என்று அர்த்தம். கைப்பேசியை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார்கள். வெளியே வாய் திறக்கமாட்டேன் என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவளும் வழக்கம்போலப் படிக்காமலே போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, கனமான கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மைக் இருக்கும் அறைக்குள் போனாள். எதிரே திரை முழுக்கக் கறுப்பு. படம் கசிந்துவிடக் கூடாது என்று படம் எடுத்த ஊரிலிருந்து அனுப்பும்போதே கறுப்படித்துத்தான் அனுப்புவார்கள். பேசுகிறவர் வாயைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் திறந்திருக்கும், எவர்சில்வர் தட்டு அளவுக்கு. அந்தத் தட்டுக்குள் வந்து போகும் உதடுகளாகத்தான் ஐரீனை அவள் இத்தனை காலமும் அறிவாள். மேலுதட்டில் இடப்பக்கம் ஒரு சின்னத் தழும்பு, மூன்றாவது படத்திலிருந்து சாயம் பூசி மறைத்துவிட்டார்கள். பயந்தால் கீழுதடு முதலில் நடுங்கும், பிறகுதான் மேலுதடு. படம் வந்த பிறகு தியேட்டரில் போய்ப் பார்த்தால் ஐரீனுக்கு நெற்றியும் கையும் காலும் இருப்பது ஏதோ அதிகப்படியாகத் தெரியும். இந்தப் பெண்ணையா நான் பேசினேன், இவள் இவ்வளவு உயரமா, என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுவாள். ஹெட்போனை எடுத்து மாட்டினாள். காதில் வைக்கும் பஞ்சு ஒரு பக்கம் கிழிந்திருந்தது, போன படத்திலேயே கிழிந்ததுதான்.

இடிவீரன் படங்கள் ஆறு. ஆறிலும் இடிவீரன் டேரனுடைய காதலி ஐரீன். ஆறிலும் ஐரீனுக்குத் தமிழ்க் குரல் சுகந்தி. அக்கா மகள் இலக்கியா விருதுநகரிலிருந்து காலேஜுக்காக வந்து அவளோடு தங்கியிருக்கிறாள், வாய்த்துடுக்கு. "சித்தி, உன் ஆளு முதல் படத்துல யாரு தெரியுமா? மேகத்தை ஆராய்ச்சி பண்றவ. இடி எப்படி விழுதுன்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவதான். ரெண்டாவது படத்துல அவ ஆபீஸுக்குப் போறதைக் காட்டுறானான்னு பார்த்தேன், கதவைத் திறக்கிறா, அவன் நிக்கிறான், கதவைச் சாத்துறா. மூணாவதுல கூண்டுல தொங்குறா. நாலாவதுல போன்ல மட்டும் வர்றா. அஞ்சாவதுல கல்யாணக் கவுனோட ஓடுறா. அந்த மேகமெல்லாம் எங்க போச்சு சித்தி?" என்று கேட்டாள் ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே. சுகந்திக்குச் சுருக்கென்றது. அது தன்னைச் சொன்னதாகப் பட்டது, ஏன் என்று தெரியவில்லை. நான் என்னடி பண்ணட்டும், எழுதிக் கொடுக்கிறதைப் பேசுறேன், என்றாள். எழுதிக் கொடுத்தது என்ன? நீ எங்கே போகிறாய், ஏன் இவ்வளவு தாமதம், என்னிடம் எதையோ மறைக்கிறாய், போகாதே, பத்திரம், டேரன், டேரன், டேரன். பத்திரம் என்பதற்கு ஒரு கதை உண்டு. இரண்டாவது படத்தில் ஐரீன் ஆங்கிலத்தில் 'என்னையும் கூட்டிக்கொண்டு போ' என்றுதான் சொன்னாள். அவள் உதடு முதலில் ஒட்டித் திறக்கிறது, பிறகு மறுபடி ஒட்டுகிறது. ஒட்டும் உதட்டுக்குப் பவும் மவும் வேண்டும். பூவராகன் சார் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு ஐந்து நிமிஷம் யோசித்து, 'பத்திரமா போ' என்று எழுதினார். அச்சாக உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் சேர்ந்து தட்டினாள். கூட வருகிறேன் என்று சொன்னவளை வாசலில் நிற்க வைத்துக் கையசைக்க விட்டோமே என்று வீட்டுக்கு வந்து, குழம்பைச் சூடு பண்ணும்போதுதான் உறைத்தது. அப்போது யாரிடம் போய்ச் சொல்வது? இடிவீரனுடைய அம்மாவுக்குக்கூடத் தமிழில் ஒரு நல்ல வசனம் இருந்தது. பாவம் ஐரீன்.

"சுகந்தி, இன்னைக்கு ஒரு சின்ன மாத்தம்," என்று பூவராகன் சாரின் குரல் காதுக்குள் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார். பக்கத்தில் பட்டன்களுக்கு முன்னால் புது ஆள் முபாரக். முப்பத்தைந்து வயது இருக்கும், சட்டைக் கையை ஒரே அளவில் மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். பழைய ஒலிப்பதிவாளர் சேவியர் அண்ணன் பொங்கலோடு ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். "எப்பவும் வைரவன் சார் முதல்ல பேசிடுவாரு, நீ அவரைக் கேட்டுட்டுப் பேசுவ. இந்தத் தடவை நீ முதல்ல. அவர் நாளைக்குத்தான் வர்றாரு. அவரே கேட்டுக்கிட்டாரு. அந்தம்மா மூச்சு நிக்கிறதைக் கேட்டுட்டுத்தான் நான் அழணும், இல்லேன்னா பொய்யா வரும்னாரு." சரி சார் என்றாள்.  அப்படியானால் இன்றைக்கு ஹெட்போனில் டேரனுக்குத் தமிழ் பேசும் அவர் இல்லை. டேரனாக நடிக்கும் ஆங்கிலக்காரன் மட்டும்தான் இருப்பான். எத்தனை நாளாக இந்தக் காலை நேரத்துக்குக் காத்துக்கொண்டிருந்தாள். நேற்று சாயங்காலம் தலைக்குக்கூடக் குளித்திருந்தாள், குரல் கேட்கப் போகிறவள் எதற்குத் தலைக்குக் குளித்தாள்?

வைரவனை அவள் பார்த்ததில்லை. இதை வெளியாட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். பதினோரு வருஷம் காதலித்த இருவர், எத்தனையோ தடவை கட்டிப்பிடித்து அழுதவர்கள், ஒரே அறையில் ஒரு நிமிஷம் சேர்ந்து நின்றதில்லை. இப்போதெல்லாம் வேலை அப்படித்தான். அவரவர் குரலைத் தனித்தனியே பிடித்துப் பிறகு ஒட்டுவார்கள். அவர் திங்கட்கிழமை ஒரு சுவரைப் பார்த்து ஐ லவ் யூ சொல்லியிருப்பார், அவள் புதன்கிழமை அதே சுவரைப் பார்த்து வெட்கப்படுவாள். ஆனால் சேவியர் அண்ணனிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர் வைரவனுடைய ட்ராக்கை வெட்டிச் சுத்தம் செய்யாமல், இருந்தபடியே அவள் காதில் ஓட்டுவார். ஒரு வசனம் முடிந்து அடுத்தது வரும்வரை நடுவில் அவர் இருமுவது, தாளைப் புரட்டுவது, ஏதாவது பேசுவது எல்லாம் விழும். சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தாள். முதல் படத்தில், 'உன்னைக் காப்பாற்ற இந்த நகரத்தையே எரிப்பேன்' என்று இடிவீரன் கர்ஜித்து முடித்த கையோடு, அதே தொண்டையிலிருந்து, "வெளியில மழை விட்டுடுச்சா?" என்று ஒரு மனுஷக் குரல் கேட்டது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சேவியர் அண்ணன் பதில் சொல்லியிருப்பார், அந்தப் பக்கத்துப் பேச்சு ட்ராக்கில் விழாது. பாதிப் பேச்சு. மீதியை அவள் மனசுக்குள் போட்டுக்கொண்டாள். விடல சார், தூறிட்டுதான் இருக்கு, குடை கொண்டு வந்தீங்களா? அன்றைக்குத் தொடங்கியது. இரண்டாவது படத்தில், "காலையில கேப்பைக் கூழ் குடிச்சேன், வயிறு பேசுறது மைக்ல விழுது." மூன்றாவதில், "எங்க வீட்டுப் பின்னாடி முருங்கை பூத்திருக்கு. அவ்வளவு பூ. கீழ விழுந்ததைப் பெருக்க மனசு வரல." அதற்கு இரண்டு வாரம் கழித்து அவள் சந்தைக்காரியிடம் சொல்லி ஒரு முருங்கைக் குச்சி வாங்கிவந்து மொட்டைமாடியில் பெயிண்ட் டப்பாவில் நட்டு வைத்தாள். இலக்கியா கூட அதில் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள், காரணம் தெரியாமல். நாலாவதில் ஒரு நீண்ட இடைவெளிக்குப் பிறகு, "அம்மாவைச் சுடுகாட்டுல கொண்டுபோய் வெச்சிட்டு வந்து நாலு நாளாச்சு," என்றார். உடனே அடுத்த துண்டு ஓடியது, 'அழாதே ஐரீன், நான் இருக்கிறேன்.' அதற்கு ஐரீன் சிரிக்க வேண்டும். சுகந்தியால் சிரிக்க முடியவில்லை. ஒன்பது டேக் போனது. ஐந்தாவதில், "கண்ணாடி மாத்தணும், எழுத்து ரெண்டா தெரியுது," என்றும், வேறொரு நடுவில், "போன படத்துல கடைசியில அழுதது நல்லாருந்துச்சு, நெஞ்சுல நிக்குது," என்றும் சொன்னார். யார் அழுததை யாரிடம் சொல்கிறார், சேவியர் அண்ணனிடம்தான் சொல்லியிருப்பார். அண்ணனோ வாயைத் திறந்து ஒரு பேச்சுப் பேசாத மனுஷர். இத்தனையிலும் மனைவி என்ற சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை. வராததால் இல்லை என்று ஆகிவிடுமா? நாற்பத்தாறு வயதில் இப்படித் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறாளே என்று தன்னையே வைது கொண்டாள்.

முதல் துண்டு ஓடியது. கறுப்பில் வட்டம் திறந்தது, உதடு வந்தது. 'டேரன், நீ சாப்பிட்டாயா?' இது என்ன படமோ, சாகப் போகிறவள் அவன் சாப்பிட்டானா என்று கேட்கிறாள். பேசினாள். ஓகே என்றான் முபாரக். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் சுலபம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் காது தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்தது, இப்போது இருமுவார், இப்போது தாள் புரளும் என்று. ஒன்றுமில்லை. ஆங்கிலக்காரன் மூச்சு மட்டும் சுத்தமாக வந்து போனது. அவன் மேல் கோபம் வந்தது, அவன் என்ன செய்வான். வீட்டு அலமாரியில் யூனியன் புத்தகம் இருக்கிறது, உறுப்பினர் எல்லோருடைய போட்டோவும் தபால்தலை அளவில். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வைரவன். அந்தப் பக்கத்தை அவள் திறந்ததில்லை. இருநூற்றுப் பத்துவரை வந்திருக்கிறாள், ஒரு தீபாவளி மத்தியானம், பிறகு மூடி வைத்துவிட்டாள். பயம்தான், வேறென்ன. முகம் குரலுக்கு ஒட்டாமல் போனால் அப்புறம் அந்தக் குரலை எங்கே வைத்துக் கேட்பது? அதைவிடப் பெரிய பயம், அவர் இவளைப் பார்த்துவிட்டால்? ஐரீனுக்கு வயது ஏறவே இல்லை, அதே இருபத்தெட்டு. இவளுக்குத்தான் முட்டி வீங்கியிருக்கிறது, பக்கவாட்டில் மயிர் வெளுத்து மருதாணி போட்டுச் செம்பட்டையாகத் திரிகிறது. சினிமாவில் முகம் காட்டலாம் என்று ரயிலேறி வந்தவளை, குரல் நல்லா இருக்கு நீ உள்ளேயே இரு என்று இந்தப் பஞ்சு ஒட்டிய அறைக்குள் உட்கார வைத்தார்கள். அக்கா இரண்டு வரன் பார்த்தாள். ஒருத்தன் பெண் பார்க்க வந்து, "நீங்க அந்தப் படத்துல கத்துவீங்களே, அதை ஒருதரம் கத்திக் காட்டுங்க," என்றான். அவளும் எழுந்து போய்விட்டாள். இலக்கியா இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு சித்தி கையைப் பிடித்துக்கொண்டாள். ஐரீன் காத்திருக்கிறாள் என்று கேலி செய்கிறோமே, ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்க்கிறவள் என்று. ஜன்னல்கூட இல்லாத அறையில் கிழிந்த ஹெட்போனோடு நின்றுகொண்டு நான் என்ன செய்கிறேன்?

ஐந்தாவது துண்டு முடிந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது.  இந்தத் தடவை அவள் முதலில் பேசுகிறாள். நாளைக்கு அவர் இதே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இதே கிழிந்த பஞ்சைக் காதில் அழுத்திக்கொண்டு, அவளைக் கேட்பார். அவளுடைய நடுவெல்லாம் அவர் காதில் விழும். அதில் அவள் ஏதாவது பேசலாம். பேசினால்? ஐரீன் இன்றைக்குப் போய்விடுவாள், அடுத்த படத்தில் இடிவீரனுக்கு வேறொருத்தி, இளம் குரலாகப் பார்த்துப் போடுவார்கள். ஏழாவது ரீல் மட்டும் இன்னும் வரவில்லை. அதில் செத்துப்போன ஐரீன் அவன் காதில் இரண்டு வரி பேச வருகிறாளாம், எழுந்திரு டேரன் என்று. செத்தாலும் அவனை எழுப்பிவிடும் வேலை அவளுக்கு. அது வியாழக்கிழமை. அப்போது அவர் ட்ராக் முடிந்திருக்கும், அவள் காதில் ஓடும், கடைசித் தடவையாக. ஆக இன்றைக்கு ஒன்று சொன்னால், நாளைக்கு அவர் கேட்டால், வியாழக்கிழமை ஒருவேளை. ஒருவேளைதான். நெஞ்சு அடித்துக்கொண்டது, மைக்கில் விழுமோ என்று ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். "தண்ணி குடிச்சுக்கறீங்களாக்கா?" என்றான் முபாரக். குடித்தாள். என்ன சொல்வது? உங்களைப் பார்க்கணும் போல இருக்கு. சீ, இது மூன்றாவது படம், கூண்டிலிருந்து ஐரீன் சொல்வது. நீங்க பேசுறதைக் கேட்டுட்டேதான் நான் இத்தனை வருஷம் இருக்கேன். இது நாலாவது, போனில். நான் உங்களுக்காக, என்று ஆரம்பித்தாலே ஐந்தாவது படத்துக் கல்யாணக் கவுன் காலில் சுற்றிக்கொள்கிறது. எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அதில் ஐரீனுடைய எச்சில் இருந்தது. பதினோரு வருஷம் அந்த உதட்டுக்குள் வார்த்தைகளை ஊட்டி ஊட்டி, இப்போது தனக்கென்று ஒரு வாய் வார்த்தை கையில் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள், கத்தல் பதினேழாவது துண்டில் இருக்கிறது, இப்போதே அழுதால் குரல் கட்டிக்கொள்ளும். சுகந்தி என்றொருத்தி, ஐரீனைப் போலில்லாமல், ஒரு ஆளிடம் என்னதான் பேசுவாள்? இலக்கியாவிடம் எப்படிப் பேசுகிறாள், கீரைக்காரியிடம் எப்படிப் பேசுகிறாள், அப்படி. அவர் எப்படிப் பேசினார்? மழை, கூழ், முருங்கை, கண்ணாடி. ஒரு தடவையாவது அவர் இடிவீரனைப் போல நடுவில் பேசினாரா? இல்லையே.

பதினொன்றாவது துண்டு முடிந்து பன்னிரண்டாவதற்கு முன்னால் ஆங்கிலக்காரன் நீளமாக எதையோ பேசிக்கொண்டிருந்தான். திரையில் கறுப்பு. பூவராகன் சார் வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். சுகந்தி தாளைச் சரி செய்வதுபோலக் குனிந்து, மைக்குக்குப் பக்கத்தில் வந்து, இருபத்தெட்டு வயதுக்காரியின் குரலைக் கீழே வைத்துவிட்டு, தன் குரலில், அது கொஞ்சம் கரகரவென்று இருந்தது, சொன்னாள்: "வைரவன் சார், உங்க வீட்டு முருங்கை இந்த வருஷமும் பூத்துச்சா? நானும் ஒரு குச்சி வெச்சேன், மொட்டைமாடியில, பெயிண்ட் டப்பாவுல. இலை நல்லா வருது. பூ மட்டும் வர மாட்டேங்குது. என்ன செய்யணும்?" அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சும்மா நின்றாள்.  முபாரக் தலையை நிமிர்த்திப் பார்த்தான், மறுபடி பட்டன்கள் மேல் குனிந்துகொண்டான். கறுப்பு ஓடியது. வட்டம் திறந்தது, உதடு வந்தது, கீழுதடு நடுங்கத் தொடங்கியிருந்தது. 'டேரன், அங்கே பார்,' என்றாள் சுகந்தி, குரலை மறுபடியும் இருபத்தெட்டுக்கு ஏற்றி, கொஞ்சம்கூடப் பிசகாமல்.

கத்தலைக் கடைசியில்தான் எடுப்பார்கள், தொண்டை போய்விடும் என்பதால். பதினேழாவது துண்டு. தாளில் எழுதியிருந்தது, 'விழுகிறாள், நீண்ட கத்தல், ஆறு விநாடி.' எங்கிருந்து விழுகிறாள்? கட்டடத்திலிருந்தா, பாலத்திலிருந்தா, இடிவீரன் கையிலிருந்தேயா? கறுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமல் ஒரு பெண் ஆறு படம் கத்தியிருக்கிறாள். இலக்கியா சொன்னது சரிதான், "அவனுக்குக் கோபம் வரணும் சித்தி. அவனுக்குக் கோபம் வரணும்னா இவ சாகணும். அதுக்குத்தான் அவளை இத்தனை படம் வளர்த்தான், கோயிலுக்கு விட்ட கிடா மாதிரி." கத்தினாள். வட்டத்துக்குள் வாய் முழுக்கத் திறந்து, பல்லும் நாக்கும் தெரிந்து, பிறகு மெல்ல ஒட்டியது. பிறகு மூச்சு. அதுதான் அவர் கேட்டது. தாளில் ஒரே ஒரு வசனம், 'பரவாயில்லை டேரன்.' அதுவும் அவனைத் தேற்றுவதற்குத்தான். விழுந்து கிடக்கிறவள் அவனைத் தேற்றுகிறாள். சொன்னாள். பிறகு மூச்சை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். ஐரீன், உன்னை நான் பார்த்ததேயில்லை, உன் உதட்டைத் தவிர. மேகத்தைப் படித்தவளே, கிடக்கிற இடத்திலிருந்து வானம் தெரிகிறதா உனக்கு? யாராவது கடைசியாக உன்னை வானம் பார்க்கவாவது விட்டார்களா? மூச்சை இழுத்தாள், அதில் பாதியிலேயே நிறுத்தினாள். வட்டம் மூடிக்கொண்டது.  கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீ டம்ளரோடு பூவராகன் சார் அப்படியே நின்றிருந்தார். "இதுக்கு ரெண்டாவது டேக் கிடையாதும்மா," என்றார் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவர் ரீலை அனுப்புகிறவர்களோடு பேச உள்ளே போனார். சுகந்தி ஹெட்போனைக் கழற்றி மாட்டிவிட்டு, பிளாஸ்க்கை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.  முபாரக் நாற்காலியைத் திருப்பி, முகம் நிறையச் சிரித்தான்.

"அக்கா, பிரமாதம். எல்லாத்தையும் அப்பப்பவே சுத்தம் பண்ணிட்டேன். நடுவுல ஏதோ முருங்கை, பெயிண்ட் டப்பான்னு பேசினீங்க இல்ல, வைரவன் சார் பேரை வேற சொன்னீங்க, அதெல்லாம் துடைச்சாச்சு. கவலையே படாதீங்க. நாளைக்கு சாருக்குப் பளிச்சுன்னு கேக்கும்."

நல்லது தம்பி, என்றாள் அவள். வேறென்ன சொல்வது, பையன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறான். பளிச்சென்று கேட்கும். 'டேரன், சாப்பிட்டாயா', 'டேரன், அங்கே பார்', 'பரவாயில்லை டேரன்', பிறகு மூச்சு. அது போதும் என்றுதானே அவரும் கேட்டார். தான் ஒரு பைத்தியக்காரி என்று தோன்றியது. எங்கோ ஒரு கிழவனுடைய கொல்லை மரத்தைப் பற்றி விசாரிக்க ஆறு படம் காத்திருந்து, அதுவும் துடைக்கப்பட்டு.  நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சேவியர் அண்ணன் இதெல்லாம் செய்ய மாட்டாராமே," என்று முபாரக் தன்பாட்டில் பேசிக்கொண்டு போனான். "போகும்போது ஒவ்வொருத்தருக்கும் என்ன பழக்கம்னு ஒரு தாள் எழுதி இங்க ஒட்டிட்டுப் போயிருக்காரு. இவருக்கு ஏசி ஆகாது, அவருக்கு மைக் தள்ளி வைக்கணும்னு. இந்த வரிதான் எனக்கு விளங்கல, நீங்க பாருங்களேன்." திரைக்குக் கீழே, மேஜை விளிம்பில், பழுப்புத் தாள் ஒன்று செல்லோடேப்பில் ஒட்டியிருந்தது. அண்ணனுடைய சாய்ந்த எழுத்து. சுகந்தி முட்டி வலியோடு குனிந்து படித்தாள். 'வைரவன் சார்: நடுவில் ஏதாவது பேசுவார். பேசிவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்துவார். அதற்கு நாம் பதில் சொல்லக் கூடாது. வெட்டவும் கூடாது. அது சுகந்திக்காம்.'

மறுபடி படித்தாள். எழுத்து இரண்டாகத் தெரிந்தது, அவளுக்கும் கண்ணாடி மாற்ற வேண்டும். வெளியில மழை விட்டுடுச்சா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாரே, அந்தச் சும்மா இருந்த நேரத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. அவள் மனசுக்குள் சொன்னதைத் தவிர வேறு பதிலே இருந்ததில்லை. போன படத்தில் கடைசியில் அழுதது நல்லாருந்துச்சு. அவளிடம்தான் சொல்லியிருக்கிறார். அம்மாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த நாலாம் நாள், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, இதைச் சொல்ல அவருக்கு அவள்தான் இருந்திருக்கிறாள், அவளோ சிரிப்பு வரவில்லை என்று ஒன்பது டேக் வாங்கினாள். ஐயோ, நாலு நாளாச்சு என்று சொன்னவருக்கு ஒரு வார்த்தை, சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை. ஐரீன் கேட்டாளே இன்றைக்கு முதல் துண்டிலேயே, அந்தக் கேலி செய்த வசனம்.  கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முபாரக், நீங்க துடைச்சது போயே போச்சா?"

"எங்கக்கா போகும், ரெண்டு அமுக்கு அமுக்கினா வந்துடும். ஏன்?"

"கொண்டு வாங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், பிறகு அவளை மறுபடி பார்த்தான். பட்டனைத் தட்டினான். பெட்டியிலிருந்து அவள் குரல் வந்தது, விருதுநகர் வாசனையோடு, நாற்பத்தாறு வயதோடு, கொஞ்சம் கரகரவென்று. முருங்கை இந்த வருஷமும் பூத்துச்சா. இது என் குரலா, இது இவ்வளவு நன்றாக இருக்கிறதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. என்ன செய்யணும், என்று கேட்டு முடிந்தது. அதற்குப் பிறகு திரையில் கோடு ஒன்று ஏற்ற இறக்கமில்லாமல் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

"சரிக்கா, பேசினது இருக்கட்டும்," என்றான் முபாரக், இப்போது குரலைத் தணித்து. "ஆனா இதுக்கப்புறம் பதினஞ்சு செகண்டு சும்மா ஓடுது பாருங்க. அதையாவது எடுத்துடட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் சுகந்தி. "அது அவர் பேசுறதுக்கு."